7 டிகிரியா, 22 டிகிரியா? பிள்ளையின் முதுகை எப்படி அளக்கிறார்கள்

இரவு பத்து மணி இருக்கும். அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, உயர்நிலை 1 படிக்கும் அவள் மகளிடம் பள்ளி உடல்நலப் பரிசோதனைக்குப் பிறகு முதுகு வளைவு (ஸ்கோலியோசிஸ்) பற்றிக் கொடுத்தனுப்பிய கடிதம். இன்னொன்று மருத்துவமனையின் எக்ஸ்ரே அறிக்கை. கூடவே ஒரு குரல்பதிவு. "ஸ்கூல்ல பாத்தப்ப ஏழு டிகிரின்னு எழுதியிருக்காங்க. ரெண்டே மாசத்துல இருபத்திரண்டு ஆயிடுச்சுடி. இப்படியே போனா வருஷக் கடைசியில எங்க போய் நிக்கும்?" குரல் உடைந்திருந்தது.

உடனே அழைத்தேன். "ஒண்ணும் ஏறலக்கா. அந்த ஏழும் இந்த இருபத்திரண்டும் வேற வேற கோணம். ரெண்டையும் கழிச்சுப் பாக்கக் கூடாது" என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாள் வேலை முடிந்து உட்லண்ட்ஸில் அவள் வீட்டுக்கே போய், சாப்பாட்டு மேசையில் தாளும் பென்சிலும் வைத்து வரைந்து காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. அன்று வரைந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவள். இதே குழப்பத்தோடு வாசலில் நிற்கும் பெற்றோரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் தப்பே இல்லை. எல்லாத் தாளிலும் 'டிகிரி' என்றுதான் இருக்கிறது. எதன் டிகிரி என்று யாரும் விளக்குவதில்லை. ஒரே முதுகுக்குப் பல அளவுகள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, அதற்குக் கீழே இடுப்புப் பகுதியில் 5 என்று 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. பின்னாலிருந்து பார்த்தால் அந்த அடுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நேராக இருக்காது, இருக்கவும் கூடாது. கழுத்து சற்று முன்னால் வளையும், மேல்முதுகு பின்னால் வளையும், இடுப்பு மறுபடி முன்னால் வளையும். ஸ்கோலியோசிஸ் என்றால், பின்னாலிருந்து பார்க்கும்போது நேராக இருக்க வேண்டிய அடுக்கு இடமோ வலமோ வளைந்திருக்கிறது என்று பொருள். 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்தால்தான் அந்தப் பெயரே வைப்பார்கள். அதற்குக் குறைவான கோணல் பல பேருக்கு உண்டு. அதை நோய் என்று சொல்வதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் அளப்பது சுலபம். ஆனால் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும்போதே திருகவும் செய்கிறது, ஈரத்துணியை இரு கையால் பிழிவதுபோல. முள்ளெலும்பு திருகினால் அதோடு கோத்திருக்கும் விலா எலும்புகளும் கூடவே திரும்பும். ஒரு பக்க விலா முதுகில் புடைக்கும், மறுபக்கம் உள்வாங்கும். அளவைகளில் வரும் குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. வளைவை அளப்பது ஒன்று, திருகலை அளப்பது இன்னொன்று.

திருகல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. கிடியன் மான்டல் என்ற ஆங்கிலேய மருத்துவர். இகுவானடான் என்ற டைனோசரை 1825இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். 1841இல் குதிரைவண்டி விபத்து ஒன்றில் சிக்கிய பிறகு பல ஆண்டுகள் முதுகுவலியால் துடித்தார். இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் புடைப்பு இருந்தது. அது கட்டி என்றே நினைத்தார்கள். 1852இல் அவர் இறந்த பிறகு உடலை ஆராய்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர் அங்கே கட்டி எதையும் காணவில்லை. புடைத்துத் தெரிந்தது திருகிப்போன முள்ளெலும்புகளின் பக்கவாட்டு முனைகள். முதுகின் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் முட்கள் கிட்டத்தட்ட நேர்வரிசையில் இருந்ததால் உள்ளே இருந்த கடுமையான வளைவு வெளியே தெரியவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளையின் முதுகில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு "நேராத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய. முட்கள் வளைவின் உட்பக்கம் நோக்கித் திரும்பிவிடுவதால் விரலுக்கு வளைவு குறைவாகத்தான் தெரியும். ஆடம்ஸ் 1865இல் வெளியிட்ட விரிவுரைகளில், நோயாளியைக் குனியச் சொல்லிப் பார்த்தால் திருகல் பளிச்சென்று தெரியும் என்று காட்டினார். இன்றும் பள்ளிப் பரிசோதனைகளில் அந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள், அவர் பெயராலேயே.

செய்முறை எளிது. பாதங்கள் சேர்ந்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டபடி மெதுவாகக் குனிய வேண்டும். தாதி பின்னால் உட்கார்ந்து, தன் கண்மட்டத்துக்கு முதுகு வரும்போது இடமும் வலமும் ஒரே உயரமா என்று பார்ப்பார். பிறகு ஸ்கோலியோமீட்டரை முதுகின் குறுக்கே வைப்பார்.

ஸ்கோலியோமீட்டர் என்றதும் மிரள வேண்டாம். கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். வளைந்த குழாய்க்குள் ஒரு சிறு குண்டு, பக்கத்தில் டிகிரி கோடுகள். அடிப்பக்கம் நடுவில் ஒரு வெட்டு இருக்கும், முதுகு முட்கள்மேல் இடிக்காமல் உட்காருவதற்கு. முதுகு சமமாக இருந்தால் குண்டு 0இல் நிற்கும். ஒரு பக்கம் புடைத்திருந்தால் குண்டு நகரும். மேல்முதுகு, நடுமுதுகு, இடுப்பு என்று நகர்த்திக்கொண்டே போய் எங்கே அதிகமோ அந்த எண்ணை எழுதுவார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் வில்லியம் பன்னல் 1984இல் இந்தக் கருவியைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் 7 டிகிரியை எல்லையாக வைக்கிறார்கள். 5 என்று வைத்தால் ஏறக்குறைய யாரும் கண்ணில் படாமல் தப்ப மாட்டார்கள், ஆனால் தேவையே இல்லாத ஏராளமான பிள்ளைகளை எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆக, அக்கா மகளின் கடிதத்திலிருந்த 7 என்பது திருகலின் அளவு. குனிந்த முதுகின் மேற்பரப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். 'இந்தப் பிள்ளைக்கு எக்ஸ்ரே தேவையா' என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொல்லும். நோய் எவ்வளவு என்று சொல்லாது.

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை பல்லாண்டுகளாக நடக்கிறது. 72,699 மாணவர்களைப் பரிசோதித்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, 11-12 வயதுப் பெண்பிள்ளைகளில் 1.37 விழுக்காட்டினருக்கும் 13-14 வயதில் 2.22 விழுக்காட்டினருக்கும் ஸ்கோலியோசிஸ் இருப்பதாகக் காட்டியது. ஆறேழு வயதில் அது மிக மிக அரிது. ஆண்பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் குறைவு. வளைவு பெரிதாகிச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் பெண்பிள்ளைகளே பெரும்பங்கு. அதனால்தான் தொடக்கநிலையின் கடைசி ஆண்டுகளும் உயர்நிலையின் முதல் ஆண்டுகளும் முக்கியம்.

அதற்கு முன்பே கண்டுபிடிப்பவர்களும் உண்டு, அவர்கள் மருத்துவர்கள் அல்லர். தேக்காவில் எனக்குத் தெரிந்த ஒரு தையற்கார அம்மா, தீபாவளிக்குப் பாவாடை சட்டை அளவெடுக்கும்போது, "இந்தப் பிள்ளைக்கு வலது தோள் ஏறியிருக்கு, பாவாடை ஒரு பக்கம் தூக்குது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பரதநாட்டிய ஆசிரியைகளும் அரைமண்டியில் நிற்கும்போது தோள் ஏற்ற இறக்கத்தைக் கவனித்துவிடுவார்கள். பெற்றோரைவிட இவர்கள் கண்ணில் ஏன் முதலில் படுகிறது என்றால், 11 வயதுக்கு மேல் பிள்ளையின் வெறும் முதுகை நாம் பார்ப்பதே இல்லை. நீச்சல்குளத்துக்குப் போகும் நாளில் ஒரு தடவை பாருங்கள். தோள் இரண்டும் ஒரே மட்டமா, ஒரு தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்துகிறதா, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா? இவ்வளவு போதும். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள், அந்த வயதில் அந்த மரியாதை வேண்டும்.

சரி, 22க்கு வருவோம். அது காப் கோணம். நியூயார்க் எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் விவரித்த முறை. இன்றுவரை ஸ்கோலியோசிஸின் அளவு என்றால் உலகம் முழுக்க இதுதான்.

அக்காவுக்கு நான் நாணயங்களை வைத்துக் காட்டினேன். மேசையில் 20 காசு நாணயங்களை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, மேலிருந்து கீழாக, வளைந்த வரிசையில் படுக்க வைத்தேன். ஒவ்வொரு நாணயத்திலும் பேனாவால் ஒரு குறுக்குக்கோடு. அந்தக் கோடுதான் முள்ளெலும்பின் மேல்தட்டு. வளைவின் உச்சியில் இருக்கும் நாணயம் வரிசையிலிருந்து அதிகமாக விலகி நிற்கும், ஆனால் அதன் கோடு கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கும். மேலேயும் கீழேயும் போகப்போகக் கோடுகள் சாயும். ஒரு கட்டத்துக்கு அப்பால் மறுபடி மட்டமாகத் தொடங்கும். மேலே அதிகமாகச் சாய்ந்த எலும்பு எது, கீழே அதிகமாகச் சாய்ந்த எலும்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேல் எலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு, கீழ் எலும்பின் கீழ்விளிம்பில் ஒரு கோடு. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் கோணமே காப் கோணம். கோடுகள் தாளுக்கு வெளியே எங்கோ போய்ச் சந்திக்கும் என்பதால், அந்தக் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் செங்குத்துக்கோடு வரைந்து, அவை வெட்டும் இடத்தில் கோணமானியை வைத்தார்கள். இப்போது திரையில் நாலு சொடுக்கு.

அக்கா பென்சிலை வாங்கித் தானே கோடு போட்டுப் பார்த்தாள். முதல் தடவை 31 வந்தது, அடுத்த தடவை 27. "என்னடி, மாறி மாறி வருது?" என்றாள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

ஒரே எக்ஸ்ரேயை அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்கள் அளந்தாலும் 3 முதல் 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். எந்த எலும்பு அதிகம் சாய்ந்தது என்று தேர்ந்தெடுப்பதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஓர் எலும்பு மாறும், விளிம்பு மங்கலாக இருக்கும், கோடு ஒரு மயிரிழை நகரும். காலையில் எடுத்த படத்துக்கும் நாள் முழுக்க நின்று நடந்து சாயங்காலம் எடுத்த படத்துக்கும்கூடச் சில டிகிரி வேறுபடும். படுக்க வைத்து எடுத்தால் உடல் எடை முதுகில் இறங்காததால் கோணம் குறைந்து காட்டும். அதனால்தான் ஸ்கோலியோசிஸ் படத்தை எப்போதும் நிற்க வைத்து எடுக்கிறோம். போன முறை 22, இந்த முறை 25 என்றால் வளைவு கூடியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 5 டிகிரிக்கு மேல் கூடினால்தான் உண்மையிலேயே கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல மருத்துவர் இந்த முறை படத்தைப் பார்க்கும்போது முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே இரண்டு எலும்புகளை வைத்தே அளப்பார். உங்கள் மருத்துவர் அப்படிச் செய்கிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

எங்கள் பங்கும் இதில் இருக்கிறது. அறைக்குள் வரும் பிள்ளையிடம் சங்கிலி, தோடு எல்லாம் கழற்றச் சொல்வோம், பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்வோம். காலணி கிடையாது. மார்பு படம் பதியும் தட்டின் பக்கம் இருக்க, முதுகு கதிர் வரும் பக்கம் பார்க்க நிற்க வைப்போம். வளரும் பெண்பிள்ளையின் மார்பகத்தில் கதிர் குறைவாகப் படட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பிறகு ஒரு சின்னச் சிக்கல் வரும். பிள்ளை எங்களைப் பார்த்ததும் விறைத்து நிமிரும். தோளை இழுத்து, வயிற்றை உள்வாங்கி, பள்ளி அணிவகுப்பில் நிற்பதுபோல் நிற்கும். வீட்டில் அத்தனை தடவை "நிமிர்ந்து நில்லு" என்று கேட்டிருக்கும். "அப்படி வேணாம் கண்ணு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி சும்மா நில்லு" என்று சொல்லி, ஒருமுறை மூச்சு இழுத்து விடச் சொல்லி, தோள் தானாக இறங்கிய பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். விறைத்து நின்ற படத்தை அடுத்த முறை சாதாரணமாக நின்ற படத்தோடு ஒப்பிட்டால் வீண் கலக்கம்தான் மிஞ்சும்.

இந்த "நிமிர்ந்து நில்லு" பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அக்கா மகளுக்கு வளைவு இருக்கிறது என்றதும் பாட்டி சொன்னது: "எப்பப் பாத்தாலும் கூன் போட்டுக்கிட்டு போனைப் பாத்தா இப்படித்தான் ஆகும்." அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. தன் தப்பு என்றே நம்பிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. பதின்ம வயதில் வரும் ஸ்கோலியோசிஸில் பெரும்பாலானவற்றுக்கு இன்ன காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது, மரபணுவுக்குப் பங்கு உண்டு. புத்தகப்பை கனத்தாலோ, சாய்ந்து உட்கார்ந்ததாலோ, கைப்பேசியாலோ இது வருவதில்லை. தயவுசெய்து பிள்ளைகளை இதற்காகத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, பலருக்கு வியப்பாக இருக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மேல்முதுகின் இயல்பான பின்வளைவையும் அளப்போம். அதையும் காப் முறையில்தான். ஏறத்தாழ 20 முதல் 40 டிகிரி என்றால் சாதாரணம். ஸ்கோலியோசிஸ் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அந்த இடம் கூனாக இருப்பதில்லை, மாறாகத் தட்டையாக இருக்கிறது. பாட்டி கூன் என்று கண்டது ஒரு பக்கம் புடைத்த விலாவைத்தான்.

உண்மையான கூன் வேறு விஷயம். உட்காரும் பழக்கத்தால் வளைந்த முதுகு, பிள்ளை முயன்று நிமிர்ந்தாலோ குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கினாலோ சரியாகிவிடும். எப்படி நிமிர்ந்தாலும் அசையாமல் விறைப்பாக இருக்கும் கூனுக்குத்தான் எக்ஸ்ரே வேண்டும். அதேபோல, ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால் இடுப்பு சாய்ந்து, முதுகும் பொய்யாக வளையும். குட்டைக் காலுக்கு அடியில் சிறு பலகை வைத்தாலோ உட்கார வைத்தாலோ அந்த வளைவு மறைந்துவிடும். முதலில் இதைப் பார்த்துவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

ரசமட்டம் வந்தாகிவிட்டது, கொத்தனாரின் தூக்குக்குண்டும் இதில் உண்டு. கழுத்தின் அடியில், குனிந்தால் நன்றாகத் துருத்தித் தெரியும் எலும்பு ஏழாவது முள்ளெலும்பு. அதிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டால் அது பிட்டத்தின் நடுப்பிளவுக்கு நேராக விழ வேண்டும். எக்ஸ்ரேயிலும் இதே கோட்டை வரைகிறோம். இடுப்பெலும்பின் நடுவிலிருந்து மேலே ஒரு செங்குத்துக்கோடு, ஏழாவது எலும்பிலிருந்து கீழே இன்னொன்று, இரண்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்? 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று குறிப்பார்கள்.

வெளித்தோற்றத்துக்கும் காப் கோணத்துக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது இங்கே புரியும். மேலே 30 டிகிரி வலப்பக்கம், கீழே 28 டிகிரி இடப்பக்கம் என்று இரட்டை வளைவு உள்ள பிள்ளை, ஒன்றை ஒன்று ஈடுகட்டி, பார்ப்பதற்கு நேராகவே நிற்கலாம். கீழே ஒரே ஒரு 25 டிகிரி வளைவு உள்ள பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து, பார்ப்பவர் எல்லாரும் கேட்கும்படி நிற்கலாம். தோற்றத்தை வைத்து மருத்துவமனைக்கு வருகிறோம், கோணத்தை வைத்துச் சிகிச்சை பேசுகிறார்கள். நடுவில் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என்னைக் கேட்டால் தூக்குக்குண்டு அளவையும் தோள் ஏற்ற இறக்கத்தையும் பெற்றோருக்குச் சேர்த்தே விளக்க வேண்டும். பிள்ளைக்கு அன்றாடம் வலிப்பது அதுதான்.

இதுவரை பார்த்த எண்கள் எல்லாம் இன்றைய நிலையைச் சொல்பவை. மருத்துவரின் மனத்தில் ஓடும் கேள்வி வேறு: இந்தப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி? முதுகு வேகமாக வளரும் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். 12 வயதில் 22 என்பதும் 16 வயதில் 22 என்பதும் ஒன்றல்ல.

அதைக் கண்டுபிடிக்க முதுகு எக்ஸ்ரேயிலேயே இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பார்ப்பார்கள். வளரும் பிள்ளைக்கு அங்கே குருத்தெலும்பு இருக்கும். அது எலும்பாக மாறும்போது தொப்பியின் விளிம்புபோல ஒரு வெள்ளைக் கோடு வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்பக்கமாக ஊர்ந்து வரும். கோடே இல்லையென்றால் 0, கால்பங்கு வந்தால் 1, அப்படியே 4 வரை, முழுக்க ஒட்டிவிட்டால் 5. இதற்கு ரிஸ்ஸர் நிலை என்று பெயர். ஜோசப் ரிஸ்ஸர் 1958இல் எழுதியது. 0 அல்லது 1 என்றால் பாதை இன்னும் நீளம். 4, 5 என்றால் மூச்சு விடலாம். இதில் ஒரு குறை, உயரம் அதிவேகமாகக் கூடும் காலம் 0 இருக்கும்போதே வந்து போய்விடுகிறது. அதனால் பல இடங்களில் இடது கையையும் ஒரு படம் எடுத்து விரல் எலும்புகளின் முதிர்ச்சியைப் பார்க்கிறார்கள். "முதுகுக்கு வந்தா கையை எதுக்கு எடுக்கிறீங்க?" என்று என்னைக் கேட்காத அப்பா இல்லை.

மருத்துவர் கேட்கும் இன்னொரு கேள்வி, எப்போது வயதுக்கு வந்தாள் என்பது. பெண்பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால். அதற்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டே வரும். நம் வீடுகளில் மஞ்சள் நீராட்டுப் படமே இருக்கும், தேதி யாருக்கும் மறக்காது. கூச்சப்படாமல் மாதத்தோடு சொல்லுங்கள். எக்ஸ்ரேயைப்போலவே அதுவும் ஓர் அளவுதான்.

இந்த இரண்டையும், காப் கோணத்தையும் பாக்கி வளர்ச்சியையும், சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு 25க்குக் கீழே என்றால் பொதுவாகக் கவனித்து வருவது. 25 முதல் 40 வரை என்றால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் கெட்டியான கவசம். 45, 50ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். பிரேஸ் வேலை செய்யுமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2013இல் வட அமெரிக்காவில் முடிந்த ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினர் 50 டிகிரியை எட்டாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் அது 48 விழுக்காடு. நாளுக்கு ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பித்தார்கள். பிரேஸ் வளைவை நேராக்குவதற்கு அல்ல, மேலும் கூடாமல் பிடித்து நிறுத்துவதற்கு. சிங்கப்பூர் வெக்கையில் கெட்டி பிளாஸ்டிக்கை உடம்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவது சின்னக் காரியம் இல்லை. உள்ளே தையல் மடிப்பில்லாத மெல்லிய பருத்திச் சட்டை, வியர்த்தால் மாற்ற இன்னொன்று பையில், இவ்வளவாவது நாம் செய்து கொடுக்கலாம்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்காத அம்மா இல்லை, கேட்கவும் வேண்டும். வளரும் காலத்தில் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு படம் என்றால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை சேர்ந்துவிடும். இப்போது சில மருத்துவமனைகளில் ஈஓஎஸ் என்ற கருவி இருக்கிறது. பிள்ளை ஒரு கூண்டுக்குள் நிற்க, முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே நேரத்தில், குறைந்த கதிரில் பதிவாகும். 1992இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், துகள் ஆய்வுக்காக உருவாக்கிய உணர்கருவியிலிருந்து பிறந்தது அது. கதிரே இல்லாத வழிகளும் உண்டு. முதுகின்மேல் ஒளிக்கோடுகளைப் பாய்ச்சி மேடுபள்ளத்தைக் கணக்கிடுகிறார்கள். ஹாங்காங்கில் முப்பரிமாண அல்ட்ராசவுண்ட் முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். எக்ஸ்ரேக்களின் எண்ணிக்கையைக் குறைக்க இவை உதவும். ஆனால் பிரேஸா அறுவையா என்று முடிவெடுக்கும் நாளில் எல்லாரும் திரும்புவது எக்ஸ்ரேக்குத்தான்.

ஸ்கோலியோமீட்டருக்குப் பதில் கைப்பேசிச் செயலி போதுமா? கைப்பேசியிலும் சாய்வுணரி இருக்கிறது, கணக்கு சரிதான். ஆனால் அதன் அடியில் அந்த வெட்டு இல்லை. நேரே முதுகில் வைத்தால் முட்கள்மேல் ஆடும். இரண்டு கட்டைவிரல்களையும் முட்களின் இருபுறமும் வைத்து, அதன்மேல் கைப்பேசியைப் பிடித்தால் ஓரளவு சரியாக வரும். ஆனால் வாரம் ஒருமுறை பிள்ளையைக் குனிய வைத்துப் பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள். மாதக்கணக்கில் நகரும் ஒன்றை வாரக்கணக்கில் அளந்தால் வீட்டில் சண்டைதான் கூடும்.

அன்று மேசையில் நாணயங்களைச் சேர்த்து எடுக்கும்போது அக்கா மகள் அறையிலிருந்து வந்தாள். "சித்தி, நான் டான்ஸ் கிளாஸ் போகலாமா?" என்றாள். மருத்துவரிடம் கேட்டோம். தாராளமாக ஆடலாம் என்றார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் 24 வந்தது. உயரம் 4 சென்டிமீட்டர் கூடியிருந்தது. ரிஸ்ஸர் இன்னும் 0. அக்கா இந்த முறை அழவில்லை. "ரெண்டு டிகிரி அளவுப் பிழைக்குள்ள வரும், ஆனா அவ வளந்துக்கிட்டு இருக்காளே, அதனால அடுத்தது நாலு மாசத்துல, சரியா?" என்று மருத்துவரிடம் அவளே கேட்டாளாம். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறாள். தேதி, படம் எடுத்த நேரம், கோணம், எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை, உயரம், ரிஸ்ஸர். கடைசி வரியில் அடுத்த தேதிக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தாள்: காலை 9.30, போன தடவை போலவே.